ஹூட் இல்லாத மொறிஸ் மைனர்

கூரை திறந்த காரில் போவதென்றால் நல்ல வெயில் காலத்தில்தான் போக வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். படங்களிலும் அப்படித்தான் காட்டுகிறார்கள். கடற்கரை, வெயில், காற்றில் பறக்கும் துணி. எங்கள் அப்பா இதை ஒருபோதும் ஒத்துக்கொண்டதில்லை. (எங்கள் வீட்டில் அப்பா என்றால் உம்மாவின் வாப்பா.) "கம்பளையில பகல் பன்னிரண்டு மணிக்கு ஹூட்டை இறக்கிப் பாரு மகள், தலை வெந்துடும். திறந்த காருக்கு ஏத்த இடம் குளிர்தான்" என்பார். ஐம்பது வருடம் கராஜில் வேலை செய்தவர் என்பதால் யாரும் அவரோடு வாதம் செய்வதில்லை. சென்ற ஜனவரி மாதத்தில் அவர் சொன்னது சரியா என்று பார்க்கும் சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்தது. அது விரும்பித் தேடிய சந்தர்ப்பம் அல்ல.

முதலில் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர், கன்வேர்டிபிள். 948 சிசி என்ஜின். மொறிஸ் மைனர் 1948இல் இலண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிறகு மினி காரை வடிவமைத்தவரும் அவரே. பிரித்தானியாவில் பத்து இலட்சத்தைத் தாண்டி உற்பத்தியான முதலாவது கார் மைனர்தான். இலங்கையில் இன்றும் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு மைனரைக் காணலாம். ஆனால் துணிக் கூரை வைத்த மைனர் குறைவு. எங்கள் காரில் திரும்பும் பக்கத்தைக் காட்ட மின்குமிழ் இல்லை. பக்கவாட்டிலிருந்து சின்னக் கை ஒன்று எழுந்து நிற்கும். சின்ன வயதில் அதைப் பார்ப்பதற்காகவே நானும் நானாவும் சந்திவரை ஓடுவோம்.

தோட்டங்கள் அரசுடைமையான காலத்தில், 1976இல், நாட்டை விட்டுப் போன ஒரு துரையிடமிருந்து அப்பா இதை வாங்கினார். அப்போது அவர் கராஜில் பழகுநர். இரண்டு வருடம் தவணை கட்டினாராம். உம்மாவின் கலியாண ஊர்வலம் இந்தக் காரில். நான் பிறந்து வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் இந்தக் காரில். 2022இல் கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் என்று கொடுத்தபோது, அப்பா தன் தேவைக்கு ஒரு சொட்டும் செலவழிக்காமல் வைத்திருந்து, அயலில் ஒரு பிரசவத்துக்கும் இரண்டு அவசர நோயாளிகளுக்கும் இரவில் காரை எடுத்தார்.

அடுத்த வருடம் நோயாளி அவரேயானார். இருதயத்தில் சத்திரசிகிச்சை. அல்ஹம்துலில்லாஹ், அவர் எழுந்து நடமாடுகிறார். ஆனால் அதற்காக வாங்கிய கடன் படுத்தே கிடந்தது. வாப்பாவின் சிறிய கடை வருமானத்தில் வட்டியைக் கட்டலாம், முதலைக் கட்ட முடியாது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வாகனங்களின் விலை ஏறியிருந்தது. நுவரெலியாவில் ஒருவர் மைனரைக் கேட்டு மூன்று முறை ஆள் அனுப்பினார். மூன்றாவது முறை அப்பா "சரி" என்றார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவுமில்லை.

வாங்குகிறவர் ஒரு நிபந்தனை சொன்னார். காரை லொறியில் ஏற்றாமல் ஓட்டிக்கொண்டே வர வேண்டும், மலை ஏறுகிறதா என்று அவர் பார்க்க வேண்டும். இதில் இரண்டு பிரச்சினைகள். ஒன்று, ஹூட் துணி உக்கிப் போய்ப் பல காலம். அப்பா அதைக் கழற்றிவிட்டார். இரும்புச் சட்டம் மட்டும் மடிந்து கிடந்தது. புதிய துணி தைப்பது வாங்குகிறவரின் பொறுப்பு. ஆகவே ஜனவரிக் குளிரில் கூரையில்லாமல்தான் போக வேண்டும். இரண்டாவது, யார் ஓட்டுவது? அப்பாவின் கை இப்போது நடுங்குகிறது. நானா ஓட்டிப் பார்த்துவிட்டு, "இது கார் இல்ல, பரீட்சை" என்று இறங்கிவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. மைனரின் முதல் கியரில் இக்காலக் கார்களைப் போல பற்சக்கரங்களின் வேகத்தை ஒத்திசைக்கும் அமைப்பு இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் கியருக்கு இறங்க வேண்டுமென்றால் கிளட்சை இரண்டு தரம் மிதிக்க வேண்டும். முதலில் மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, விட்டு, அக்சிலேற்றரை ஒரு தட்டுத் தட்டி, திரும்ப மிதித்துக் கியரைப் போட வேண்டும். கணக்குத் தவறினால் பற்கள் அரைபடும் சத்தம் தெருவுக்கே கேட்கும்.

வாப்பா ஒரு சாரதியைப் பேசுவதாகச் சொன்னார். அப்போதுதான் சமையலறையிலிருந்து உம்மா வந்தார்.

"என்னத்துக்கு டிரைவர்? நான் ஓட்டுறேன்."

எனக்குத் தெரிந்த உம்மா கார் ஓட்டியதே இல்லை. பதினெட்டு வயதில் அப்பா அவருக்கு இதே காரில் பழக்கினார் என்பது கதையாக மட்டும் தெரியும். கலியாணத்துக்குப் பிறகு பிள்ளைகள், வீடு, கடைக் கணக்கு என்று இருபது வருடம் ஓடிவிட்டது. யாரும் அவரை ஓட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓட்டச் சொல்லவும் இல்லை. ஆனால் அன்று உம்மா அலுமாரியைத் திறந்து தன் சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தார். அது காலாவதியாகியிருக்கவில்லை. ஓட்டாத இருபது வருடமும் தவறாமல் புதுப்பித்து வைத்திருக்கிறார்! வாப்பா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப ரெண்டு கிழமை பழகிக்கோங்க" என்றார். அவ்வளவுதான்.

இரண்டு கிழமையும் சுபஹுக்குப் பிறகு, ஊர் விழிக்கும் முன், உம்மாவும் அப்பாவும் மைதானத்துக்குப் போனார்கள். முதல் நாள் கியர் அரைபடும் சத்தம் வீட்டுக்குக் கேட்டது. பத்தாம் நாள் கேட்கவில்லை.

நான் உயர்தரத்தில் பௌதிக விஞ்ஞானப் பிரிவில் படிக்கிறேன். ஆகவே பயணத்துக்கு முன் என் பங்குக்குக் கணக்குப் பார்த்தேன். கம்பளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரம். நுவரெலியா 1,868 மீற்றர். 1,000 மீற்றர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும். ஆக நாங்கள் இரண்டு மணித்தியாலத்தில் சுமார் 9 பாகையைக் கீழே விட்டுவிட்டு மேலே போகப்போகிறோம். ஜனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் நுவரெலியாப் புல்வெளிகளில் துகள் உறைபனி விழுவதை எல்லோரும் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

இதோடு முடிவதில்லை. நம் தோலை ஒட்டி உடல் சூட்டினால் வெதுவெதுப்பான மெல்லிய காற்றுப் படை ஒன்று எப்போதும் இருக்கும். காற்று வீசும்போது அந்தப் படையைத் துடைத்துக்கொண்டு போய்விடுகிறது. அதனால்தான் வெப்பமானி ஒன்றைச் சொல்ல, கன்னம் வேறொன்றைச் சொல்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 2001 முதல் பயன்படுத்தும் சூத்திரத்தின்படி, 10 பாகை வெப்பநிலையில் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் காற்றுப் பட்டால் முகத்துக்கு அது 6 பாகை போல இருக்கும். காற்று வீசத் தேவையில்லை. காற்றுக்குள் நாம் ஓடினாலும் அதே கதைதான்.

இதை அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "முன்னால இருந்து வாற காத்துக்கு பயப்படாத. பின்னால இருந்து வாறதுதான் ஆளைக் கொல்லும்" என்றார். முதலில் எனக்குப் புரியவில்லை. கார் முன்னோக்கித்தானே ஓடுகிறது? பின்னால் இருந்து எப்படிக் காற்று வரும்? யோசித்தபோது விளங்கியது. முன்கண்ணாடியில் மோதும் காற்று அதன் மேல் விளிம்பைத் தாண்டிப் பாய்கிறது. கண்ணாடிக்குப் பின்னால், நாம் இருக்கும் இடத்தில் அமுக்கம் குறைகிறது. அந்த இடத்தை நிரப்ப, மேலே பாய்ந்த காற்றில் ஒரு பகுதி சுருண்டு பின்புறத்திலிருந்து உள்ளே வருகிறது. வந்து நேராகப் பிடரியில் படுகிறது. இதைத் தடுக்கத்தான் இக்காலத் திறந்த கார்களில் இருக்கைக்குப் பின்னால் ஒரு வலைத் தடுப்பு வைக்கிறார்கள். மெர்சிடிஸ் நிறுவனம் 2004இல் தன் எஸ்எல்கே காரில், தலைசாய்ப்பிலிருந்து கழுத்துக்குச் சூடான காற்று ஊதும் அமைப்பையே கொண்டு வந்தது. அப்பா அதைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அது எதற்காகத் தேவை என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

எங்கள் மைனரில் சூடாக்கி எதுவும் இல்லை. ஆகவே அப்பாவின் வைத்தியங்களே துணை. சுவெட்டருக்கு உள்ளே, நெஞ்சில் பழைய பத்திரிகைத் தாள் இரண்டு. அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள்காரர் வழக்கமாம். தாளின் மடிப்புகளுக்கிடையே காற்று அடைபட்டு நிற்கும், வெளிக்காற்றும் புகாது. காலடியில் துவாயில் சுற்றிய சுடுதண்ணீர்ப் போத்தல். பிளாஸ்கில் இஞ்சி பிளேன்டீ. கதவுக் கண்ணாடிகள் இரண்டையும் முழுமையாக ஏற்றி வைக்க வேண்டும். கூரை இல்லாவிட்டாலும் தோள் வரையில் சுவர் இருக்கும். என் வைத்தியமும் ஒன்று இருந்தது. ஹிஜாபைக் கழுத்தோடு இறுக்கிச் சுற்றி, அதன் மேல் கம்பளித் தொப்பி. பிடரிக்கு வரும் காற்றுக்கு இதைவிட நல்ல தடுப்பு எந்த நிறுவனமும் செய்யவில்லை என்று நினைக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். உம்மா ஓட்ட, அப்பா பக்கத்தில், நான் பின்னால். உம்மா சோக்கை இழுத்து, "பிஸ்மில்லாஹ்" என்று சாவியைத் திருப்பினார். வாப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கை காட்டவில்லை. கார் சந்தி திரும்பும்வரை அப்படியே நின்றார்.

புசல்லாவை வரை குளிர் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் காற்றின் மணமே மாறியது. மூடிய காரில் போனால் பாதை ஒரு படம் போல ஓடும். திறந்த காரில் அது வாசனையாகவும் சத்தமாகவும் வருகிறது. தேயிலைத் தொழிற்சாலையைக் கண்ணால் காண்பதற்கு முன்பே மூக்குக் கண்டுவிடும். யூகலிப்டஸ் மரங்களைக் கடக்கும்போது தைலப் போத்தலைத் திறந்தது போல இருந்தது. ஒரு வளைவில் தண்ணீர்ச் சத்தம் கேட்கும், அடுத்த வளைவில்தான் நீரோடை தெரியும். இறம்பொடைச் சுரங்கப்பாதைக்குள் போனபோது எங்கள் சின்ன என்ஜின் பெரிய லொறி போல முழங்கியது. அப்பா காதைக் கூர்மையாக்கிக் கேட்டுவிட்டு, "நாலு சிலிண்டரும் நல்லாயிருக்கி" என்றார். என் விரல்கள் விறைத்தன, மூக்கு நுனி மரத்தது. ஆனால் நெஞ்சில் பத்திரிகைத் தாள் வேலை செய்தது. முகம் குளிரவும் உடம்பு சூடாகவும் இருப்பது தனி ஒரு சுகம். மழைக்காலத்தில் போர்வைக்குள்ளிருந்து முகத்தை மட்டும் வெளியே நீட்டிப் படுத்திருப்போமே, அதைப் போன்றது.

இறம்பொடைக்கு மேலே வளைவுகள் இறுகின. அங்கே மூடுபனி இறங்கிக் கிடந்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் படங்கைக் கட்டி, தலையில் துணியைப் போர்த்து, பாதையோரமாக மலைக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். சிலருடைய காலில் செருப்பில்லை. எங்களைக் கண்டு ஒருவர் சிரித்துக்கொண்டே, "கூரைய எங்கம்மா விட்டுட்டு வந்தீங்க?" என்று கேட்டார். நாங்களும் சிரித்தோம். கார் நகர்ந்த பிறகு நான் என் கையுறையைப் பார்த்தேன். எனக்கு அந்தக் குளிர் இரண்டு மணித்தியாலம். அவர்களுக்கு அது வேலைத்தளம். சூத்திரத்தில் போட்டுப் பார்த்த அந்த 6 பாகை, அதே மலையில் நிற்கும் எல்லோருக்கும் ஒரே 6 பாகை அல்ல என்பது அப்போது தோன்றியது.

இரண்டு வளைவு தாண்டி, மிகவும் செங்குத்தான ஓரிடத்தில், எங்களுக்கு முன்னால் போன கொழுந்து லொறி திடீரென்று வேகத்தைக் குறைத்தது. மைனர் இரண்டாம் கியரில் திணறியது. நின்றால் அந்த ஏற்றத்தில் திரும்பப் புறப்படுவது பெரும்பாடு. பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது. அப்பாவின் வலக்கை தானாகக் கியரை நோக்கி நகர்வதைப் பின்னாலிருந்து கண்டேன். பாதி தூரத்தில் அது நின்றது. நடுங்கிக்கொண்டே திரும்ப மடிக்குப் போனது. உம்மா பாதையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கிளட்ச், நியூட்ரல், அக்சிலேற்றரில் ஒரு தட்டு, மறுபடியும் கிளட்ச். சத்தமேயில்லாமல் முதல் கியர் விழுந்தது. கார் ஒரு முறை பெருமூச்சு விட்டுவிட்டு ஏறத் தொடங்கியது.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. லபுக்கலை வந்ததும் ஓரமாக நிறுத்தச் சொல்லி, பிளாஸ்கைத் திறந்து முதல் கோப்பையை உம்மாவிடம் நீட்டினார். எங்கள் வீட்டில் முதல் கோப்பை எப்போதும் அப்பாவுக்குத்தான்.

அங்கே வெயில் வந்திருந்தது. மூடுபனி எங்களுக்குக் கீழே கிடந்தது. தொலைபேசியில் பார்த்தேன், நுவரெலியா 10 பாகை என்றிருந்தது. தலைக்கு மேல் கூரையில்லை, நீல வானம். வெயில் தோளில் விழுகிறது, காற்று கன்னத்தில் குத்துகிறது. "இதுக்குத்தான் சொன்னேன்" என்றார் அப்பா. ஆதியில் எல்லா மோட்டார் வண்டியும் திறந்தவைதான், தோல் கோட்டும் கண்ணாடியும் போட்டுக் குளிரிலும் மழையிலும் ஓட்டினார்கள், 1920களில் மூடிய கார்கள் மலிவான பிறகுதான் திறந்த கார் ஆடம்பரமானது என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். தன் காரைப் பற்றி மட்டும் பேசவில்லை.

நுவரெலியாவில் வாங்குகிறவர் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மலையேறி வந்த என்ஜினின் மேல் கை வைத்துப் பார்த்துத் திருப்தியடைந்தார். "டிரைவர் எங்கே?" என்று கேட்டார். அப்பா உம்மாவைக் காட்டி, "என்ட மகள்" என்றார். அந்த இரண்டு சொல்லையும் அவர் சொன்ன விதத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை.

சாவியைக் கொடுக்கும் முன் அப்பா அவரிடம் மூன்று விஷயம் சொன்னார். காலையில் சோக்கை அதிக நேரம் இழுத்து வைக்க வேண்டாம். புதிய ஹூட்டில் பின் ஜன்னலுக்கு பிளாஸ்ரிக் போட்டால், குளிரில் அது விறைத்து வெடிக்கும், வெயிலில் இளகிய பிறகே மடிக்க வேண்டும். முதல் கியருக்கு அவசரப்பட வேண்டாம். அவர் மூன்றையும் தொலைபேசியில் குறித்துக்கொண்டார். நல்ல மனிதர். நாங்கள் பஸ்ஸில் வீடு திரும்பினோம். ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. அப்பா உம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

கடன் அடைந்துவிட்டது. கொட்டில் வெறுமையாக இருக்கிறது. அப்பா சில நாள் காலையில் பழக்கதோஷத்தில் துணியை எடுத்துக்கொண்டு அங்கே போய், திரும்பி வருவார். சில இழப்புகளுக்கு நியாயமான காரணம் இருந்தாலும் வலி குறைவதில்லை என்பதை அவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஆனால் வேறொன்றும் நடந்தது. அடுத்த மாதம் வாப்பா கடைக்குச் சாமான் எடுக்கும் வேனின் சாவியை உம்மாவிடம் கொடுத்தார். இப்போது சனிக்கிழமைகளில் என்னைப் பௌதிகவியல் வகுப்புக்குக் கொண்டுபோய் விடுவது உம்மாதான். எங்கள் வகுப்பு மாணவிகள் இரண்டு பேரும் கூட வருகிறார்கள். நான் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படிக்க விரும்புகிறேன் என்று வீட்டில் சொல்ல முதலில் தயங்கியிருந்தேன். ஒரு சனிக்கிழமை வேனில் சொன்னேன். உம்மா கியரை மாற்றிக்கொண்டே, "இசட் ஸ்கோர் எவ்வளவு வேணும்?" என்று மட்டும் கேட்டார்.

இன்ஷா அல்லாஹ், எனக்குப் பதினெட்டு வயதானதும் கிளட்சை இரண்டு தரம் மிதிப்பதைப் பழக்கித் தருவதாக உம்மா சொல்லியிருக்கிறார். எங்கள் வேனுக்கு அது தேவையில்லை. ஆனாலும் பழகத்தான் போகிறேன்.